மலைமேல் பகவதி: சிங்கிகுளம், சிதறால், கழுகுமலை – சில குறிப்புகள்

தாமிரபரணி என்று சொன்னால் பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி வழியாக ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் ஆறுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். இன்னொரு தாமிரபரணியும் உண்டு. மலைத்தொடரின் மறுபக்கத்தில் இறங்கி, குழித்துறை வழியாக ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேரும் குழித்துறைத் தாமிரபரணி அது. மலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

இந்த இரண்டு ஆற்றுப் பக்கங்களிலும் ஒரே மாதிரியான அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. இரண்டுமே குன்றின் மேல். இரண்டிலும் அம்மன் பெயர் பகவதி. இரண்டிலும் அம்மனுக்குப் பக்கத்திலேயே, உடையில்லாமல் அசையாமல் இருக்கும் ஒரு 'முனிவர்' சிலையும் உண்டு. ஒன்று களக்காட்டுப் பக்கம் உள்ள சிங்கிகுளம். மற்றொன்று மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கி.மீ. தூரத்தில் உள்ள சிதறால். மூன்றாவதாக ஒரு மலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் இருக்கும் கழுகுமலை. அங்கே பகவதி கோயில் இல்லை. ஆனால் இந்தக் கதையின் சாவி அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கோயில்களைப் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டு கட்சிகள்தான் கண்ணில் படும். "சமணர் கோயிலைப் பறித்து அம்மன் கோயிலாக்கிட்டாங்க" என்பது ஒரு கட்சி. "எப்பவுமே அம்மன் கோயில்தான், சமணம்னு சொல்றதெல்லாம் இட்டுக்கட்டினது" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே மலை ஏறிப் பார்க்காமல் சண்டை போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். மலையில் இருப்பதைப் பார்த்தால் கதை இந்த இரண்டையும் விட சுவாரசியமானது. பார்ப்போம்.

சிங்கிகுளம்: பெயரிலேயே ஜினன்

சிங்கிகுளத்துக் குன்று ரொம்ப உயரமானது இல்லை. மேலே கருங்கல் கோயில். இன்று அது பகவதி அம்மன் கோயில். ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். கூடவே இருக்கும் தீர்த்தங்கரரை முனீஸ்வரர் என்று கும்பிடுகிறார்கள். முனீஸ்வரர் என்றால் நம்ம பக்கத்தில் மீசையும் அரிவாளுமாக இருப்பவர் இல்லையா? இங்கே இருப்பவரோ கையில் ஆயுதம் எதுவும் இல்லாத துறவி. ஆனாலும் அந்தப் பெயர் தப்பில்லை. 'முனி' என்பதுதான் சமணத் துறவிக்கும் பெயர்.

கல்வெட்டு இந்தக் குன்றை 'ஜினகிரி மாமலை' என்கிறது. ஜினகிரி என்றால் ஜினனின் மலை. கோயிலின் பெயர் 'நியாயபரிபாலப் பெரும்பள்ளி'. பள்ளி என்ற சொல் இன்று நமக்குப் பிள்ளைகள் படிக்கும் இடம். அன்றைக்குச் சமண, பௌத்தத் துறவிகள் தங்கும் இடமும் வழிபடும் இடமும் பள்ளி. அந்தத் துறவிகள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் பள்ளிக்கூடம் என்ற சொல்லே வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பள்ளிக்கு விட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர்.

ஆக, பெயரைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. இது பெரும்பள்ளியாக இருந்த இடம். ஆனால் அங்கே அம்மன் எப்போது வந்தாள்? அதற்கு மலையைத் தாண்டிப் போகவேண்டும்.

சிதறால்: ஒரு பெண் துறவி கொடுத்த பொன்

சிதறால் மலைக்கு உள்ளூரில் சொக்கன்தூங்கி மலை என்று பெயர். கல்வெட்டில் அதன் பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்போர் சமண மரபில் தவ வலிமையால் விண்ணில் செல்லும் ஆற்றல் பெற்ற முனிவர்கள். மலையடியிலிருந்து கல் பாவிய பாதை போகிறது. மேலே போனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி. அதைத் தாண்டினால் பெரிய பாறை ஒன்று குடை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பாறையின் பக்கவாட்டில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பாம்புக் குடையோடு பார்சுவநாதர். அவர்களோடு ஒரு பெண் உருவம்: பக்கத்தில் இரண்டு குழந்தைகள், ஒரு சிங்கம். அவள்தான் அம்பிகா இயக்கி.

பாறையின் அடியில் உள்ள இயற்கைக் குகையின் முன்னால் பிற்காலத்தில் மண்டபம் கட்டிக் கோயிலாக்கியிருக்கிறார்கள். உள்ளே மூன்று சன்னதிகள். பார்சுவநாதர், மகாவீரர், மூன்றாவதாக பகவதி. மேலே நின்றால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆறு தெரியும்.

இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று முக்கியமானது. திருவிதாங்கூர் தொல்லியல் துறையை நடத்திய து. அ. கோபிநாத ராவ் காலத்திலேயே இந்த மலையின் கல்வெட்டுகள் அச்சில் வந்துவிட்டன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு. காலம் ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டின் முடிவு, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்தி, திருச்சாரணத்து மலையில் உள்ள 'பட்டாரியார்'க்குப் பொன் அணிகள் கொடுத்தார் என்பது செய்தி.

இதில் கவனிக்க மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, 'குரத்தி'. வல்லின 'ற' போட்டு வாசித்துவிடக் கூடாது. குறத்தி வேறு, குரத்தி வேறு. குரவர் என்றால் ஆசிரியர். அதற்குப் பெண்பால்தான் குரத்தி. பெண் குரு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் துறவி, ஆசிரியர் என்ற பட்டத்தோடு, தன் பெயரைக் கல்லில் வெட்டும் நிலையில் இருந்திருக்கிறார்.

இரண்டு, 'பட்டாரியார்'. பட்டாரர் என்பது இறைவனுக்கும் பெரியவர்களுக்கும் வழங்கிய மரியாதைச் சொல். அதன் பெண்பால் பட்டாரி. அதாவது, இது சமணப் பள்ளியாக உயிரோடு இருந்த காலத்திலேயே, இங்கே பொன் அணிந்த ஒரு பெண் தெய்வம் இருந்தாள். பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த அம்மன் இல்லை. தீர்த்தங்கரர்களுக்கு நகை போடுவதில்லை. அவர்கள் எல்லாவற்றையும் துறந்தவர்கள். நகை போட்டுப் பார்க்கவும், பிள்ளைவரம் கேட்கவும், நோய்க்கு நேர்ந்துகொள்ளவும் அடியார்களுக்கு ஒரு தெய்வம் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இயக்கி இருந்தாள்.

மூன்று, மன்னன். ஆய் மன்னர்கள் ஒரே சமயத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை. விக்கிரமாதித்த வரகுணன் பெயரால் உள்ள பாலியம் செப்பேடு ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்த விகாரத்துக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அவன் ஆண்ட நாட்டில்தான் சமணப் பெண் துறவி இயக்கிக்குப் பொன் கொடுக்கிறார்.

13ஆம் நூற்றாண்டு அளவில் சிதறால் பகவதி கோயிலாக ஆகிவிட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. பட்டாரி பகவதி ஆனாள். இரண்டு சொல்லுக்கும் பொருளில் பெரிய தூரம் இல்லை. இரண்டுமே வணக்கத்துக்குரியவள் என்பதுதான்.

கழுகுமலை: சிங்கம் யார்?

இனி மலையை இந்தப் பக்கம் தாண்டி கழுகுமலைக்கு வருவோம். 1986 வரைக்கும் இது திருநெல்வேலி மாவட்டம். இப்போது தூத்துக்குடி மாவட்டம். முருகன் கோயில், பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயில் இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே மேலே ஏறினால் பாறை முழுக்கத் தீர்த்தங்கரர்கள். 8, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. கூட நூற்றுக்கு மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஒவ்வொரு சிலையையும் யார் செய்வித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. ராஜாக்கள் இல்லை. தச்சர், குயவர், துறவிகள், துறவிகளின் மாணவர்கள். பெண் ஆசிரியர்களும் நிறைய: மிழலூர்க் குரத்தி, நால்கூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்தி.

திருச்சாரணத்துக் குரத்தி! சிதறால் மலையிலிருந்து ஒரு பெண் துறவி கழுகுமலைக்கு வந்து சிலை செய்வித்திருக்கிறார். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. சமணத் துறவிகள் வாகனம் ஏறுவதில்லை. இரண்டு மலைக்கும் இடையே தொடர்பு இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கழுகுமலையில் அம்பிகாவுக்குத் தனிச் சிற்பம் உண்டு. நின்ற கோலம். ஒரு கை குழந்தையின் தலைமேல். ஒரு பக்கம் சிங்கம். அதோடு, கையைத் தூக்கியபடி ஓர் ஆண். இந்த ஆண் யார், சிங்கம் ஏன் என்று தெரிய அம்பிகாவின் கதை தெரிந்திருக்க வேண்டும். சமண நூல்கள் பலவிதமாகச் சொல்லும் கதையின் சுருக்கம் இது.

கிர்னார் மலைப் பக்கத்து ஊர் ஒன்றில் சோமசர்மன் என்ற அந்தணன். அவன் மனைவி அக்னிலா. அவளுக்கு அம்பிகா என்றும் பெயர். இரண்டு பிள்ளைகள். ஒருநாள் முன்னோர்க்குத் திதி. அந்தணர்களுக்காகச் சமைத்து வைத்திருக்கிறாள். அவர்கள் உண்ணும் முன்பு ஒரு சமண முனிவர் வாசலில் வந்து நிற்கிறார். பசித்து வந்தவருக்குச் சோறு போட்டுவிடுகிறாள். திதிச் சோறு தீட்டாகிவிட்டது என்று கணவனுக்குக் கோபம். வீட்டை விட்டுத் துரத்துகிறான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். பிள்ளைகள் பசிக்கிறது என்றதும் பட்ட மாமரம் பழுக்கிறது. தாகம் என்றதும் வற்றிய குளம் நிறைகிறது. வீட்டிலோ அவள் தொட்ட பாத்திரங்களில் சோறு குறையவே இல்லை. கணவனுக்குப் புத்தி வருகிறது. கூட்டிவரப் போகிறான். தூரத்தில் அவன் வருவதைப் பார்த்தவள், அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து, பிள்ளைகளோடு பாய்ந்து உயிரை விடுகிறாள். 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் இயக்கியாகப் பிறக்கிறாள். துக்கத்தில் செத்துப்போன கணவன் அவளுக்கு வாகனமாகச் சிங்கமாகப் பிறக்கிறான்.

அந்தச் சிங்கம் அவள் புருஷன்!

கழுகுமலையில் கையைத் தூக்கி நிற்கும் ஆண் சோமசர்மன்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவனும் சிங்கமும் ஒரே சிற்பத்தில். முந்தின பிறவியும் அடுத்த பிறவியும் பக்கத்தில் பக்கத்தில். நேமிநாதருக்கு இன்னொரு பெயர் அரிட்டநேமி. சிதறாலில் பொன் கொடுத்த குரத்தியின் ஆசிரியர் பெயரும் அதுவே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் நேமிநாதர் வழிபாடு எவ்வளவு ஊறியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

இப்போது கதையை மட்டும் எடுத்துவிடுங்கள். சிற்பம் அப்படியே இருக்கட்டும். ஒரு தாய், குழந்தை, பக்கத்தில் சிங்கம். துர்க்கையைத் தெரிந்த எவரும் என்ன சொல்வார்கள்? "பகவதி அம்மன், சிங்க வாகனம்." கல்லில் ஒரு உளிகூடப் படவேண்டிய தேவையில்லை. கதை தெரிந்த துறவிகள் இல்லாமல் போனார்கள், கதை மாறியது. சிங்கிகுளத்திலும் சிதறாலிலும் நடந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

வழியில் ஒரு இசக்கி

திருச்சாரணத்துக் குரத்தி இந்தப் பக்கம் வரவேண்டும் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் இயல்பான வழி. அந்த வழியில் இன்று முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றிலும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். இயக்கி என்ற சொல்தான் பேச்சில் இசக்கி ஆனது. நம்ம மாவட்டத்தில் இசக்கி, இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என்று பேர் இல்லாத தெரு உண்டா?

இசக்கி எப்படி இருப்பாள்? கையில் குழந்தை. அவளிடம் பெண்கள் எதற்குப் போகிறார்கள்? பிள்ளைவரத்துக்கு, சுகப்பிரசவத்துக்கு. தொட்டில் கட்டுகிறார்கள், வளையல் போடுகிறார்கள். வில்லுப்பாட்டில் அவளுக்குச் சொல்லப்படும் கதை நீலி கதை. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க, கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் வீட்டுக்காரர், என்னை விட்டுட்டுப் போறார்" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் அழுகிறாள். ஊர்ப் பெரியவர்கள் நம்பி அவனை அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். காலையில் பார்த்தால் அவன் பிணம். பொறுப்பேற்ற எழுபது வேளாளரும் வாக்குத் தவறியதற்காக உயிரை விடுகிறார்கள்.

அம்பிகா கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பிள்ளையோடு நிற்கும் ஒரு பெண். இரண்டிலும் ஓர் ஆணால் கெட்ட வாழ்க்கை. இரண்டிலும் அடுத்த பிறவி. ஒருத்தி பழிவாங்குகிறாள், இன்னொருத்தியின் காலடியில் கணவனே மிருகமாக வந்து சேர்கிறான். இந்த நீலியைச் சமணர்களும் விடவில்லை. நீலகேசி என்ற சமண நூலில் பழையனூர் நீலி ஒரு முனிவரால் மனம் மாறி, கொல்லாமையை ஏற்று, மற்றச் சமயத்தாரோடு வாதம் செய்யும் அறிவாளியாக வருகிறாள். பேயைத் தத்துவ ஆசிரியராக்கிய நூல் உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

சிலப்பதிகாரத்திலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு இருக்கும்போது, இயக்கிக்குப் பால் படைத்துவிட்டு ஆயர்குல மாதரி திரும்பி வருகிறாள். சமணப் பெண் துறவியான கவுந்தி அவளிடம்தான் கண்ணகியை அடைக்கலம் கொடுக்கிறார். மாதரி சமணத் துறவி இல்லை. மாடு மேய்க்கும் குடும்பத்துப் பெண். அவளுக்கும் இயக்கி தெய்வம். ஆக, இயக்கி சமணத்துக்கு மட்டும் சொந்தமாக இருந்தவள் இல்லை. ஊர்த் தெய்வம் பள்ளிக்குள் போனாள்; பள்ளி போன பிறகு திரும்ப ஊருக்கு வந்தாள். வாசல் இரண்டு பக்கமும் திறந்துதான் இருந்தது.

அப்படியானால் ஒன்றுமே நடக்கவில்லையா?

இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். "எல்லாம் சமாதானமாக நடந்தது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பெரிய புராணமும் மற்ற தலபுராணங்களும் சொல்லும் கழுவேற்றக் கதைப்படி பார்த்தால், 7ஆம் நூற்றாண்டில் நெடுமாறன் சைவத்துக்கு மாறியதோடு பாண்டிய நாட்டில் சமணம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கழுகுமலையில் சிலைகள் வெட்டியது அதற்குப் பிறகு, பாண்டியர் ஆட்சியிலேயே. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட நாகர்கோவில் நாகராஜா கோயிலில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமண ஆசிரியர்களைப் பற்றிய கல்வெட்டு கிடைக்கிறது. ஆக ஒரே நாளில் துடைத்து எறிந்த கதை இந்த மண்ணுக்குப் பொருந்தாது. சிதறால் பாறையில் தீர்த்தங்கரர்களை யாரும் உடைத்துப் போடவும் இல்லை.

ஆனால் போனது போனதுதான். தெய்வம் தங்கினாள், குரத்திகள் தங்கவில்லை. பள்ளிச்சந்த நிலங்கள் கைமாறின. பெண்கள் ஆசிரியராகி, மாணவர்களை வைத்துப் பாடம் சொல்லி, மலைக்கு மலை நடந்து தன் பெயரில் சிலை செய்வித்த ஒரு அமைப்பு இல்லாமல் போனது. பகவதி கோயிலானதில் அம்மனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம் அந்தப் பெண்களுக்கு. இந்தச் சண்டையில் இரண்டு கட்சியும் பேசாமல் விடுவது இதைத்தான்.

இன்னொரு மலையும் இதே சேதி சொல்லும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மறுகால்தலை. அங்கே பூவிலுடையார் மலைக் குகையில் கல்படுக்கைகள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டில் காசிபன் என்ற பெயர். இன்று அந்த மலை பூலுடையார் சாஸ்தாவின் மலை. கழுகுமலையில் தீர்த்தங்கரர்கள் பக்கத்திலேயே ஐயனார் இருக்கிறார். ஒருவகையில் பார்த்தால், அந்தப் பாறைகளை இத்தனை காலம் காப்பாற்றியது சாஸ்தாவும் ஐயனாரும் பகவதியும்தான். சாமி இருக்கும் மலையில் கல் உடைக்க ஆள் யோசிப்பான். சாமி இல்லாத குன்றுகள் நம்ம மாவட்டத்தில் எத்தனை கல்குவாரிப் பள்ளமாகிவிட்டன என்று நெடுஞ்சாலையில் போகும்போதே தெரியும்.

அதனால் பகவதியை எடுத்துவிட்டு 'அசல்' கோயிலை மீட்கவேண்டும் என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. தீர்த்தங்கரருக்கு விபூதி பூசி, கல்வெட்டு மேல் பெயின்ட் அடித்து மறைப்பதிலும் உடன்பாடில்லை. இரண்டும் பாதிக் கதையை அழிப்பது. சிங்கிகுளம் போகிறவர்கள் பகவதியைக் கும்பிட்டுவிட்டு, முனீஸ்வரர் முன்னால் ஒரு நிமிஷம் நின்று அவர் தோளில் துணி இல்லாததைப் பாருங்கள். பிள்ளைகளிடம் 'ஜினகிரி' என்ற பெயரைச் சொல்லுங்கள். சிதறால் போகிறவர்கள் அந்தச் சிங்கத்தைக் காட்டி, அது யார் என்று கேளுங்கள்.

அங்கே வட்டெழுத்தில் ஒரு பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. குணந்தாங்கி. எல்லாவற்றையும் துறந்த ஒரு பெண், தான் போட்டுக்கொள்ளாத பொன்னை அம்மனுக்குப் போட்டுப் பார்த்தாள். இன்று வளையலோடு மலையேறும் பெண்கள் செய்வதும் அதையேதான்.